புளியறை விளைக்கு ஒரு டிராக்டர்: சில குறிப்புகள்

நிலம்

செங்கோட்டையிலிருந்து கொல்லம் சாலையில் போனால் புளியறை வரை இருபுறமும் வயல். அதைத் தாண்டி, ஆரியங்காவுக் கணவாய்க்குச் சாலை ஏறத் தொடங்கும் இடத்தில், நிலத்தின் குணம் மாறிவிடுகிறது. கீழே நெல்லும் தென்னையும். மேலே மா, முந்திரி, தேக்கு, அங்கங்கே ரப்பர். எங்கள் குடும்பத்து விளை மேல்பக்கம். நாலு ஏக்கர் சொச்சம். அடியில் கொஞ்சம் சமதரை, நடுவில் பழைய கல்லடுக்கு வைத்த தட்டுகள், மேலே போகப் போகப் பாறையும் சரிவும்.

ஆனியில் சாரல் பிடித்தால் ஆவணிக்குள் புல் இடுப்பளவு. உண்ணிச்செடி, தொட்டாச்சிணுங்கி, மலையாளத்துக்காரர்கள் கம்யூனிஸ்ட் பச்சை என்கிற செடி, மூன்றும் கைகோத்துக்கொண்டு தட்டுக்குத் தட்டு ஏறிவிடும். காடுவெட்டுக்கு ஆள் கிடைப்பது வருடா வருடம் குறைகிறது. கிடைக்கிற ஆளும் ரப்பர் தோட்டத்துக்கோ கட்டட வேலைக்கோ போய்விடுகிறார். அதனால் வீட்டில் இப்போது டிராக்டர் பேச்சு. உழவுக்கு இல்லை, புல் வெட்டவும் புதர் அழிக்கவும், வெட்டிய மட்டையையும் விறகையும் கீழே கொண்டுவரவும்.

ஊர் சொல்லும் யோசனை

டிராக்டர் வாங்கலாம் என்றிருக்கிறோம் என்று டீக்கடையில் ஒரு வார்த்தை விட்டால் போதும். "வாங்குறதுதான் வாங்குறீங்க, நாப்பத்தஞ்சு, ஐம்பது ஹெச்.பி.யா எடுத்துருங்க அண்ணாச்சி. நம்ம வேலை போக மிச்ச நாள் வாடகைக்கு விடலாம்லா." இதைச் சொல்லாத ஆள் இல்லை.

சொல்பவர்கள் வயல்காரர்கள். அவர்கள் கணக்கு அவர்களுக்குச் சரி. சேற்றில் கேஜ் வீல் போட்டுத் தொளி அடிக்க, ஒன்பது கொத்துக் கலப்பை இழுக்க, டிரெய்லரில் நெல் ஏற்ற அந்தச் சக்தி வேண்டும். ஆனால் அந்த வண்டி இரண்டு டன் எடை, ஆறடிக்குக் கொஞ்சம் குறைந்த அகலம். எங்கள் தட்டுகளில் சில பன்னிரண்டு அடி அகலம்தான்; நடுவில் முந்திரி வேறு தாழக் கிளை விட்டு நிற்கிறது. அதில் அந்த வண்டி உள்ளே போகலாம், திரும்ப முடியாது.

வயலுக்கு எடுப்பவர் இழுவையிலிருந்து யோசிக்கத் தொடங்குகிறார். மலையடிவாரத்துக்கு எடுப்பவர் சரிவிலிருந்து தொடங்க வேண்டும். எந்தத் தட்டில் வண்டி ஏறவே கூடாது என்பது முதல் கேள்வி, எத்தனை ஹெச்.பி. என்பது கடைசி.

பத்தடிச் சட்டமும் ரசமட்டமும்

சரிவைக் கண்ணால் மதிப்பிட முடியாது. கீழே நின்று பார்த்தால் ஒன்று, மேலே நின்று பார்த்தால் வேறொன்று. கொத்தனாரிடம் இருக்கும் சாமானே இதற்குப் போதும்.

வளையாத சதுரக் குழாய் ஒன்று, பத்தடி நீளம். ஒரு முனையைச் சரிவின் மேல்பக்கம் தரையில் ஊன்றி, மறுமுனையை இறக்கத்தின் பக்கம் நீட்டித் தூக்கிப் பிடிக்க வேண்டும். குழாயின் நடுவில் ரசமட்டம். குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவில் வந்து நின்றதும், தூக்கிய முனையிலிருந்து தரைக்கு டேப்பைத் தொங்கவிட்டு அளக்க வேண்டும்.

ஒன்றே முக்கால் அடி இருந்தால் அந்தச் சரிவு 10 டிகிரி. இரண்டடி எட்டங்குலம் என்றால் 15. மூன்றடி எட்டங்குலம் என்றால் 20.

பத்து டிகிரி என்பது காகிதத்தில் ஒன்றுமில்லாததுபோலத் தெரிகிறது. ஈரப்புல்லில் செருப்போடு நின்றால் அப்படித் தெரியாது.

நாங்கள் போட்டுக்கொண்ட விதி: 10 வரை வண்டி தாராளமாகப் போகலாம். 10 முதல் 15 வரை தரை காய்ந்திருந்தால் மட்டும், அதுவும் மேலும் கீழுமாக. குறுக்கே ஓட்டக் கூடாது. 15-க்கு மேல் சக்கரம் வைக்கக் கூடாது. அளந்து முடித்ததும் எல்லைக் கல்லிலும் மரத்தின் அடியிலும் சுண்ணாம்பு அடித்தாயிற்று. யார் ஓட்டினாலும் கோடு தெரிய வேண்டும்.

அளந்ததில் தெரிந்தது: வண்டி போகக்கூடிய இடம் பாதியை விடக் கொஞ்சம் கூடுதல்தான். மீதிக்கு டிராக்டர் வாங்கிப் பயனில்லை.

கவிழும் கணக்கு

சின்ன டிராக்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பின்சக்கரம் இரண்டுக்கும் நடுவுக்கு நடு மூன்றடி. வண்டியின் எடைமையம் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். அசையாமல் நின்றால் இது பக்கவாட்டில் 37 டிகிரி சாய்ந்த பிறகுதான் கவிழும். 15 டிகிரிச் சரிவில் ஏகப்பட்ட இடைவெளி இருப்பதுபோல் படும்.

இப்போது மேல்பக்கச் சக்கரம் புல்லுக்குள் மறைந்திருக்கும் அரையடி உயரக் குற்றியில் ஏறுகிறது. அதே நொடியில் கீழ்ப்பக்கச் சக்கரம், பன்றி கிளறிப்போட்ட அரையடிக் குழியில் இறங்குகிறது. மூன்றடி அகலத்துக்கு ஓரடி வித்தியாசம்: கூடுதலாகப் பத்தொன்பதரை டிகிரி. பதினைந்தோடு சேர்த்தால் முப்பத்து நாலரை. மிச்சம் இரண்டரை டிகிரிகூட இல்லை. அதைத் தின்ன ஸ்டியரிங்கை ஒரு வெட்டு வெட்டினால் போதும்.

அதே வண்டியில் பின் ரிம்மைத் திருப்பி மாட்டி அகலத்தை மூன்றரை அடியாக்கினால் கவிழும் கோணம் 41. அதே குற்றி, அதே குழி இப்போது பதினாறரை டிகிரிதான் கூட்டும். மிச்சம் ஒன்பது டிகிரிக்கு மேல். அரையடி அகலம் தரும் பாதுகாப்பு இவ்வளவு. பல வண்டிகளில் ரிம்மை இப்படித் திருப்பலாம். வாங்கும்போதே கடைக்காரரை மாட்டித் தரச் சொல்ல வேண்டும். தட்டின் அகலமும் மரத்துக்கு மரம் உள்ள இடைவெளியும் இடம் கொடுக்கிற அளவுக்கு.

பின் டயரில் தண்ணீர் நிரப்பும் பழைய வழக்கமும் நல்லது. முக்கால் பங்கு நிரப்பினால் எடை கீழே இறங்கி நிற்கும்.

ஆனாலும் குற்றியையும் குழியையும் முதலில் நடந்து பார்த்துக் குச்சி நட்டு வைப்பதற்கு ஈடாக எந்த வண்டியும் வராது.

நாலு வீல் டிரைவ்

ஷோரூமில் நாலு வீல் டிரைவுக்குச் சொல்லும் காரணம் ஏற்றம்: "எங்க வேணா ஏறும் சார்." எங்களுக்கு அதைவிட முக்கியம் இறக்கம்.

சாதாரண டிராக்டருக்குப் பிரேக் பின்சக்கரங்களில் மட்டும். இறங்கும்போது எடை முன்பக்கம் சாய்கிறது, பின்சக்கரம் லேசாகிவிடுகிறது. லேசான சக்கரத்தைப் பிரேக் பிடித்து நிறுத்தினால் அது ஈரப்புல்லில் சறுக்கும். சறுக்கத் தொடங்கிய பிறகு ஸ்டியரிங்குக்கு மதிப்பில்லை. நாலு சக்கரமும் கியரோடு பிணைந்திருந்தால், எடை விழுகிற முன்சக்கரத்தையும் இன்ஜின் பிடித்து நிறுத்துகிறது. எனவே இறங்கும்போதுதான் நாலு வீல் டிரைவ் லிவரைப் போட்டிருக்க வேண்டும்.

கூடவே இன்னொன்று. டிராக்டரில் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் தனித்தனிப் பிரேக் பெடல். வயலில் சட்டென்று திருப்ப அது உதவும். சரிவில் ஒன்று மட்டும் மிதிபட்டால் வண்டி குறுக்கே திரும்பிவிடும். இரண்டையும் சேர்த்துப் பூட்டும் கொக்கியைப் போடாமல் மேல்தட்டுக்கு வண்டி போகக் கூடாது.

இறக்கத்தில் நியூட்ரல்

டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது நம் பக்கத்தில் பலருக்குப் பழக்கம். கொல்லம் சாலையின் எஸ் வளைவுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு எடையும் இறக்கமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். 2024 பிப்ரவரி 25 அதிகாலையில் கேரளத்திலிருந்து பிளைவுட் ஏற்றி வந்த லாரி கட்டுப்பாடு இழந்து, கீழே செங்கோட்டை - புனலூர் ரயில் பாதையில் விழுந்தது. ஓட்டுநர் இறந்துபோனார். பக்கத்தில் குடியிருந்த வயதான தம்பதி டார்ச் லைட்டை அசைத்துக்கொண்டு தண்டவாளத்தில் ஓடி, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தினார்கள்.

விளைக்குள் விதி ஒன்றுதான்: எந்தக் கியரில் ஏற வேண்டுமோ அந்தக் கியரில் இறங்கு. இறக்கத்தின் தலையிலேயே கியரைப் போட்டுவிடு. நடுவில் கிளட்சைத் தொடாதே.

சங்கிலியும் குற்றியும்

புதர் அழிப்பதில் ஆளைக் கொல்லும் வேலை, வெட்டிய மரத்தின் குற்றியைச் சங்கிலி போட்டு இழுப்பது. குற்றி அசையவில்லை என்றால் சக்கரம் சுழல வழியில்லை. அப்போது இன்ஜினின் முறுக்கு, சக்கரத்தைச் சுழற்றுவதற்குப் பதிலாக வண்டியின் மூக்கைத் தூக்குகிறது. முன்சக்கரம் தரையை விட்டதிலிருந்து வண்டி ஓட்டுநர்மேல் மல்லாந்து விழுவதற்கு ஒன்றரை நொடி. திரும்பக் கீழே இறக்க முடியாத நிலை அதில் பாதி நேரத்திலேயே வந்துவிடும். கிளட்ச் மிதிக்கலாம் என்று மூளை யோசித்து முடிக்குமுன் கதை முடிந்துவிடுகிறது.

சங்கிலியை எங்கே மாட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம். பின் அச்சுக்குக் கீழே இருக்கும் டிராபாரில் மாட்டினால் இழுவை, வண்டியைத் தரையோடு அழுத்தும். கருவியை மேலே பிடிக்கும் டாப் லிங்க்கிலோ அச்சிலோ சுற்றினால் அதே இழுவை வண்டியைத் தூக்கும்.

இதற்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. 1917-இல் வெளிவந்த ஃபோர்ட்ஸன் டிராக்டர், கலப்பை பாறையில் மாட்டினால் பின்னோக்கிப் புரண்டு ஆளைக் கொல்வதில் பேர் வாங்கியது. அயர்லாந்துக்காரர் ஹாரி பெர்குசன் கலப்பையை மூன்று புள்ளிகளில் வண்டியோடு இணைக்கும் ஏற்பாட்டை உருவாக்கி 1926-இல் காப்புரிமை பெற்றார். கலப்பை எதிலாவது மாட்டினால், மேல்புள்ளி வழியாக வரும் தள்ளல் முன்சக்கரத்தைத் தரையில் அழுத்தும். இன்று உலகத்தில் எந்தக் கம்பெனி டிராக்டர் எடுத்தாலும் பின்னால் இருப்பது அந்த மூன்று புள்ளிதான். அவர் பெயர் மாஸ்ஸி பெர்குசனில் ஒட்டிக்கொண்டது. சென்னையில் 1960-இல் தொடங்கிய டாஃபே வழியாக அந்தப் பெயர் தென்காசித் தெருவுக்கும் வந்துவிட்டது.

ஆனால் சங்கிலி போட்டதும் அந்த மூன்று புள்ளியின் பாதுகாப்பு போய்விடுகிறது. பெரிய குற்றிக்கு ஜே.சி.பி. வாடகை, சின்னக் குற்றிக்கு மம்பட்டியும் கோடரியும். எங்கள் டிராக்டர் குற்றி பிடுங்காது என்று முன்கூட்டியே முடிவு.

தலைக்குமேல் வளையம்

ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் இரும்பு வளைவு. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ரோப்ஸ் என்கிறார்கள். ஸ்வீடன் 1959-இலேயே புது டிராக்டர் எல்லாவற்றுக்கும் இதைக் கட்டாயமாக்கியது. கவிழ்ந்து சாகிறவர்கள் எண்ணிக்கை அங்கே ஏறக்குறைய இல்லாமலே போனது. அதே ஆண்டில்தான் இந்தியாவில் முதல் டிராக்டரை ஐஷர் செய்து வெளியே விட்டது. இப்போது எண்ணிக்கையில் உலகத்திலேயே அதிக டிராக்டர் விற்கும் நாடு நம்முடையது. வளையத்தோடு வரும் வண்டிகள் மட்டும் நம் தெருவில் அபூர்வம்.

வளையம் இருந்தும் பெல்ட் போடாவிட்டால் பயனில்லை. கவிழும்போது ஆள் வெளியே எறியப்பட்டு, அந்த வளையத்துக்கு அடியிலேயே சிக்கலாம். தாழ்ந்த முந்திரிக் கிளைக்காக மடக்கி வைக்கும் வகை வளையமும் உண்டு. மடக்கியிருக்கும்போது பெல்ட் போடக் கூடாது, நிமிர்த்தியதும் போட வேண்டும். அதைவிடச் சுலபம், கிளையை வெட்டிவிடுவது.

மட்கார்டில் ஆள் உட்காருவது நம் ஊர் வழக்கம். "பையன் சும்மா வரான், இருக்கட்டும்" என்பார்கள். வளையம் காப்பாற்றுவது ஒரே ஒரு ஆளை.

பின்னால் என்ன மாட்டுவது

டிராக்டரை விட இதைத்தான் அதிகம் யோசித்திருக்கிறோம். புல்லை வெட்டப்போவது டிராக்டர் அல்லவே.

ரொட்டவேட்டர் எல்லோரிடமும் இருக்கிறது, வாடகைக்கும் சுலபம். களை ஒரே ஓட்டத்தில் காணாமல் போகும். மண்ணும் அதே வேகத்தில் இளகிவிடும். எங்கள் பக்கம் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டும் பெய்கிற இடம். 2023 டிசம்பரிலும் 2024 டிசம்பரிலும் தெற்குச் சீமையில் கொட்டிய மழையைப் பார்த்தவர்கள், சரிவில் இளக்கிய மண் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டிருப்பார்கள். வேர் தரையில் இருக்க வேண்டும், தலை மட்டும் போக வேண்டும். எனவே ரொட்டவேட்டர் அடித்தட்டு சமதரைக்கு மட்டும்.

ஸ்லாஷர்: கிடைமட்டமாகச் சுழலும் கத்தி. கத்தி ஆணியில் தொங்கினால் நல்லது. கல்லில் பட்டால் மடங்கிப் பின்வாங்கும். இடுப்புயரப் புல், விரல்தண்டு புதர் இரண்டுக்கும் தாங்கும். குறை, கல் எறியும். நூறு மீட்டருக்கு அப்பாலும் கல் பறக்கும். பின்பக்கச் சங்கிலித் திரை இல்லாத ஸ்லாஷரைத் தொடக் கூடாது. சாலையோரத் தட்டில் ஓட்டும்போது இரண்டு பக்கமும் ஆள் நிறுத்த வேண்டும்.

மல்ச்சர்: உருளையில் சுத்தியல் சுத்தியலாகத் தொங்கும் கத்தி. தென்னை மட்டையைக்கூடத் தூளாக்கி அங்கேயே மூடாக்காகப் போட்டுவிடும். கல் எறிவது குறைவு. விலையும் எடையும் அதிகம்; சக்தியும் அதிகம் கேட்கும்.

அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. ஸ்லாஷருக்கு ஒரு அடி அகலத்துக்குப் பி.டி.ஓ.வில், அதாவது பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் தண்டில், 5 ஹெச்.பி. வேண்டும். 24 ஹெச்.பி. வண்டியில் பி.டி.ஓ.வுக்கு வருவது சுமார் 20. ஆக நாலடி ஸ்லாஷர். மூன்றரை, நாலடி அகல வண்டியின் டயர் தடத்தை அது மூடிவிடும். நாங்கள் ஹெச்.பி.க்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்: தட்டு வண்டியின் அகலத்தைச் சொன்னது, வண்டியின் அகலம் ஸ்லாஷரின் அகலத்தைச் சொன்னது, ஸ்லாஷர் ஹெச்.பி.யைச் சொன்னது. மஹிந்திரா ஜீவோ 245, குபோட்டா நியோஸ்டார் பி2441 இரண்டும் 24 ஹெச்.பி., நாலு வீல் டிரைவ். 28 ஹெச்.பி.யில் ஜான் டியர் 3028 இருக்கிறது. எடையும் விலையும் ஒரு படி மேலே.

மஞ்சள் மூடி

பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று. நொடிக்கு ஒன்பது. வேட்டி முனையோ துண்டோ சேலைத் தலைப்போ தொட்டால், "ஐயோ" என்பதற்குள் பல முழம் சுற்றி ஆளையும் இழுத்துவிடும். அதற்காகத்தான் தண்டின் மேல் மஞ்சள் பிளாஸ்டிக் குழாய். உள்ளே தண்டு சுழலும், வெளியே குழாய் சின்னச் சங்கிலியால் கட்டுண்டு அசையாமல் நிற்கும்.

வாடகை வண்டி ஒன்றைப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அந்தக் குழாய் இல்லை. கிரீஸ் வைக்க இடைஞ்சல் என்று கழற்றி, டூல் பாக்ஸுக்குப் பின்னால் சணல் போட்டுக் கட்டியிருந்தார்கள். தண்டின் குறுக்கு முட்டில் பழைய புல் கயிறுபோலத் திரிந்து, எண்ணெயில் ஊறிக் கறுத்து இறுகிக் கிடந்தது. புல்லைச் சுற்றியது துணியையும் சுற்றும். எங்கள் விளையில் டிராக்டர் வேலைக்கு வேட்டி, லுங்கி, தோள்துண்டு கிடையாது. சித்தப்பாவுக்கு இந்த விதி பிடிக்கவில்லை; ஆனாலும் பேன்ட் தைக்கக் கொடுத்துவிட்டார்.

டிராக்டர் போகாத பாதி

15 டிகிரிக்கு மேலே பிரஷ் கட்டர். தோளில் மாட்டும் வகை, நாலு ஸ்ட்ரோக் இன்ஜின். புல்லுக்கு நைலான் கயிறு, புதருக்கு மூன்று பல் பிளேடு, தண்டு தடித்தால் வட்ட ரம்பம். டிராக்டருக்குச் சொன்னதற்கு நேர் எதிரான விதி இதற்கு: குறுக்காக நடந்து வெட்ட வேண்டும், மேலும் கீழுமாக அல்ல. கால் வழுக்கினால் ஆள் ஒரு பக்கம், பிளேடு ஒரு பக்கம் விழும்படி.

கணவாய்க்கு அந்தப் பக்கம் இன்னொரு வழி வைத்திருக்கிறார்கள். 1973-இல் தொடங்கப்பட்ட கேரள அரசின் காம்கோ நிறுவனம் பவர் டில்லர் விற்கிறது. சின்னத் துண்டு நிலங்களுக்கு அது வசதி. ஆனால் சரிவில் அதைக் கைப்பிடியைப் பிடித்துத் திருப்பத் தோள் பலம் வேண்டும். நம் வீட்டில் ஓட்டப்போகிறவர்கள் ஐம்பதைத் தாண்டியவர்கள்.

ஆடும் உண்டு. உண்ணிச்செடியை ஆடு பெரும்பாலும் தொடாது, மற்றதில் பலவற்றைத் தின்னும். வெட்டியபின் வரும் தளிருக்கு நாலு வெள்ளாடு பெரிய உதவி. முந்திரிக் கன்றுக்கு வேலி போடுவது நம் பொறுப்பு.

எப்போது, எதை வெட்டக் கூடாது

சாரல் நேரத்தில் வெட்டக் கூடாது. ஆடி மாதம் கணவாய் வழியாக வரும் காற்றோடு சாரல் நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருக்கும். தரை காய்வதே இல்லை. ஒரு வெட்டு புரட்டாசியில், வடகிழக்கு தொடங்குமுன். அடுத்தது தை, மாசியில், கோடைத் தீக்கு முன்னால் எல்லையில் தீக்கோடாக.

தட்டின் விளிம்பில் கல்லடுக்கு உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் உள்ளே தள்ளித்தான் சக்கரம் போக வேண்டும். நாலடிச் சுவர் என்றால் நாலடி. விளிம்புப் புல்லை விட்டுவிடுவது நல்லது. கல்லைப் பிடித்துக்கொண்டிருப்பது அதன் வேர்தான். ஓடைக்கரைப் புதரும் அப்படியே.

மரத்தில் கை வைக்குமுன் கிராம நிர்வாக அலுவலரைக் கேட்க வேண்டும். 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தில் அறிவிக்கப்பட்ட இடங்களில், சொந்தப் பட்டா நிலத்து மரத்தை வெட்டவும் ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதி வேண்டும். தேக்கு, சந்தனம், ஈட்டி என்றால் என்ன விதி என்று தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். புல்லுக்கும் புதருக்கும் இந்தத் தொல்லை இல்லை.

சில்லறைக் குறிப்புகள்

வெட்டுவதற்கு முந்தின நாள் கம்போடு நடக்க வேண்டும். குற்றி, கல், பழைய முள்கம்பி. பாம்புக்கும் ஒதுங்கிப்போக நேரம் கிடைக்கும். கண்ணாடி விரியன் இருக்கிற இடம், ராஜநாகமும் உண்டு.

உலர்ந்த புல்லில் ஓட்டினால் ரேடியேட்டர் முன்வலையில் புல்பூ படிந்து அடைத்துக்கொள்ளும். அரை மணிக்கு ஒரு தரம் நிறுத்தித் துடைப்பத்தால் தட்ட வேண்டும். சைலன்ஸர் பக்கம் படியும் சருகு தீப்பிடிக்கும்.

மேக்கரை, வடகரைப் பக்கம் தோப்புக்குள் யானை வருவது செய்தியாகவே இல்லை இப்போது. வெயில் சாய்ந்தபின் விளையில் மெஷின் சத்தம் வேண்டாம். சத்தத்தில் எதிரே வருவது நமக்குக் கேட்காது.

சுண்ணாம்புக் கோட்டுக்குள்ளேயே சற்றுச் செங்குத்தான துண்டில் ஏறியே ஆக வேண்டும் என்றால் ரிவர்ஸில் ஏறு, முன்னோக்கி இறங்கு. மூக்கு தூக்க வழியில்லை.

பணம்

இந்த அளவு நாலு வீல் வண்டி ஐந்திலிருந்து ஏழு லட்சத்துக்குள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அதற்கு முன் வாங்கிய கொட்டேஷன் யாராவது நீட்டினால் திருப்பிக் கொடுக்கலாம்.

வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக மானியம் உண்டு. சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் உச்சவரம்பு தனி. முதலில் விண்ணப்பம், பிறகு ஒப்புதல், அதன் பிறகுதான் வாங்குவது. வாங்கிவிட்டுப் போய்க் கேட்டால் கிடைக்காது. பட்டா, சிட்டா சித்தி பெயரில் இருப்பதால் விண்ணப்பமும் அவர் பெயரில்.

அதே துறை டிராக்டரையும் ஜே.சி.பி.யையும் வாடகைக்கும் விடுகிறது. உழவன் செயலியில் பதிவு செய்யலாம். வருடத்தில் இரண்டு வெட்டு மட்டும்தான் என்றால் வாடகையே லாபம் என்று மச்சான் சொல்கிறான். கணக்கில் அவன் சொல்வது சரி. ஆனால் புரட்டாசியில் தரை காய்ந்து கிடைக்கும் நாலு நாளில் எல்லோருக்கும் அதே வண்டிதான் வேண்டியிருக்கிறது.

ஷோரூமில் கேட்க

மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பரிசோதனை நிலையம் இருக்கிறது. அங்கே சோதித்த மாடலுக்கு அறிக்கை இருக்கும். விளம்பரத் தாளில் இல்லாதது அதில் கிடைக்கும்: பி.டி.ஓ.வில் உண்மையில் வரும் சக்தி, திரும்பும் வட்டம், எடைமையத்தின் உயரம். மேலே போட்ட கவிழும் கணக்கில் "இரண்டடி என்று வைத்துக்கொள்வோம்" என்ற இடத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மற்றவை: வளையம் கம்பெனியே தருகிறதா, லேத்தில் வளைத்து வெல்டிங் வைத்ததா? பின் அகலம் எவ்வளவு கூட்டலாம்? பிரேக் எண்ணெயில் மூழ்கியதா? மெக்கானிக் தென்காசியிலா, திருநெல்வேலியிலிருந்து வரவேண்டுமா? டெமோ எங்கள் விளையில், இரண்டாம் தட்டில் காட்டுவார்களா? "மைதானத்துல காட்டுறேன் சார்" என்றால் நன்றி சொல்லிவிட்டு வரலாம்.

வாங்கும் வரிசை

இந்த வருடம் பிரஷ் கட்டர், முகமூடி, முழங்கால் வரை பூட்ஸ். புரட்டாசி வெட்டுக்கு வாடகை வண்டியும் மல்ச்சரும். சுண்ணாம்புக் கோட்டுக்குள் அது எப்படித் திரும்புகிறது என்று பார்ப்பது. மானிய ஒப்புதல் வந்தால் 24 ஹெச்.பி. நாலு வீல், நாலடி ஸ்லாஷர், வளையம், மூன்றும் ஒரே பில்லில்.

பணம் பற்றாவிட்டால் ஹெச்.பி.யில் குறைக்கலாம், பழைய வண்டி பார்க்கலாம், ஒரு வருடம் தள்ளிப்போடலாம். வளையமும் பெல்ட்டும் மஞ்சள் மூடியும் அந்தப் பேரத்தில் சேராது.